அப்படி யாரும் இங்கன இல்ல

திருத்தங்கலை விட்டு மேற்கே போகிற ரோட்டில், அச்சாபீஸ்கள் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு தெரு இருக்கிறது. அதில் கடைசிக்கு முந்தின வீடு தங்கச்சாமியுடையது. ஆள் ஆறடி உயரம், முறுக்கின மீசை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தால் எதிரே வருகிறவர்கள் தானாக ஒதுங்குவார்கள். அம்புட்டும் வெளித்தோற்றம். பயப்படுவதற்கென்றே பிறந்த மனுசன் அவர். சைக்கிள் டியூப் வெடித்தால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவரும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுக்க மரத்தடிக்கு வந்த நேரத்தில், பக்கத்து அறை போய்விட்டது. 'போய்விட்டது' என்றுதான் இங்கே சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் விவரம் கேட்க மாட்டார்கள். அன்றைக்குக் கேட்டைத் தாண்டி வெளியே ஓடி வந்தவர், அதற்கப்புறம் எந்தக் கம்பெனிக் கேட்டுக்குள்ளும் வேலைக்கென்று காலை வைக்கவில்லை. டிரைவிங் படித்தார். யார் யார் வண்டியையோ ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு குட்டியானை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டி, வாங்கினார். அட்டைப்பெட்டி, காகித பண்டல், பட்டாசுக்கென்று காகிதத்தில் சுற்றி முடித்த வெறுங்குழாய் என்று எது கொடுத்தாலும் ஏற்றுவார். வெடிக்கிற சரக்கை மட்டும் ஏற்ற மாட்டார்.

ஆனால் பாருங்கள், சீசன் லோடு பாதி வருசத்துக்குத்தான் ஓடும். மீதி நாளைக்கு அடுப்பு எரிய வேண்டுமே. அவர் ஓடி வந்த இடத்துக்குள் அவருடைய பெண்டாட்டி வீரலட்சுமி போனாள். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. வெடிப்பொடிக்கு இந்தப் பக்கம் மருந்து என்றுதான் பெயர். நாலு பேர் மட்டும் உட்காரலாம் என்று கதவில் எழுதியிருக்கிற அறையில், சீசன் சூடு பிடித்துவிட்டால் ஒன்பது பத்துப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது அலுமினியப் பொடி அப்பி அவள் கையிரண்டும் வெள்ளி நிறத்தில் மினுங்கும். முகத்தைக் கழுவினாலும் காது மடிப்பில் கொஞ்சம் மினுமினுப்பு மிச்சமிருக்கும். தங்கச்சாமி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பகலில் எங்காவது 'டொம்' என்றால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற சத்தம் வேறு, கல்குவாரிச் சத்தம் வேறு, அது வேறு. இந்த ஊர்க்காரர் காதுக்கு அது தெரியும். தெரிந்தும் அவருக்கு நம்பிக்கை வராது. புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அறைக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. சாயங்காலம் வேன் வந்து, அவள் இறங்கி, "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கீக?" என்று கேட்கிற வரைக்கும் அந்த மனுசனுக்கு உயிர் உடம்பில் இருக்காது.

இந்த நிலைமையில்தான் விருதுநகரில் புதிதாக ஒரு பார்சல் கம்பெனி கிளை திறந்தது. சொந்த வண்டி வைத்திருப்பவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்களாம், வருசம் பூராவும் ஓட்டமாம். செய்தி காதில் விழுந்த அன்றைக்கே தங்கச்சாமி வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டார்.

"இது மட்டும் கெடைச்சுட்டா மறுநாளே நீ வேலைய விட்டு நின்னுரணும் லட்சுமி."

"கெடைக்கட்டும் மொதல்ல" என்றாள் அவள். அவளுக்குப் பேச்சு அளந்துதான் வரும்.

விருதுநகர் ஆபீசில் அனுப்பிரியா என்ற பெண் இருந்தாள். சின்ன வயசுதான், நல்ல சுறுசுறுப்பு. டிரைவிங் லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், ரேஷன் கார்டு, பான் கார்டு, போட்டோ என்று அவள் வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வேண்டும், ஜெராக்ஸில் அரசாங்க அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தப் பச்சை மைக்காகத் தங்கச்சாமி அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பான் கார்டு என்றால் வெற்றிலைபாக்குக் கடை சம்பந்தப்பட்டதா என்று முதலில் விசாரித்தவர் அவர், அதையும் விண்ணப்பித்து வாங்கினார். கடைசியில் ஒரு ஒப்பந்தப் பத்திரம், முழுக்க இங்கிலீஷ். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"சார், நீங்க எங்க ஸ்டாஃப் கிடையாது. காண்ட்ராக்டர். வண்டி உங்களோடது, பொறுப்பும் உங்களோடது. புரியுதா?"

"புரியுதும்மா" என்றார் தங்கச்சாமி. காண்ட்ராக்டர் என்ற வார்த்தையில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் மளமளவென்று சொன்ன எதுவும் மண்டையில் ஏறவில்லை. வீடு, அக்கம்பக்கம், ஏஜென்சி, ரிப்போர்ட் என்று என்னவோ சொன்னாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கையெழுத்து ஒரே மாதிரி விழ வேண்டுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

இனி அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே வீட்டுக்கு வீடு குழாய் சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் பசைக்கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடும். குழந்தைத் தொழிலாளர் ரெய்டு என்று அதிகாரிகள் ஜீப்பில் வருவது, பெயர் கேட்பது, எழுதிக்கொண்டு போவது எல்லாம் அந்தத் தெருவுக்குப் பழக்கம். ஆகவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். பூட்ஸ் போட்டு, கையில் பைலோடு யாராவது தெருமுனையில் தெரிந்தால், முதலில் பார்க்கிறவள் கோழியைக் கூப்பிடுவது போல "பா பா பா" என்று குரல் கொடுக்க வேண்டும். கோழியே வளர்க்காத வீட்டிலிருந்தும் குரல் வரும். குழாயெல்லாம் கட்டிலுக்கடியில் போய்விடும். எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், "அப்படி யாரும் இங்கன இல்ல".

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார் என்கிறீர்கள்? நம்ம தங்கச்சாமியேதான். பயந்த மனுசனுக்குத்தானே இப்படிப்பட்ட யோசனையெல்லாம் வரும். தன் மகள் மாரிச்செல்வியை, அது நாலாவது படிக்கிற பிள்ளை, எதிரே நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தியிருந்தார். "பைலோட வர்ற ஆளு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். மிட்டாய் குடுத்தாலும் தெரியாது. மெரட்டினாலும் தெரியாது. அப்பாவக் காட்டி இது யாருன்னு கேட்டாக்கூடத் தெரியாது." பிள்ளை கெட்டிக்காரி. ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கச்சாமி லோடு இறக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் பெரிய வாயாடி, ஆனால் தெருவில் ஒருத்தருக்குத் தலைவலி என்றாலும் முதலில் போய் நிற்கிறவள்.

"தம்பி, ஒங்களத் தேடி ஒருத்தன் வந்தான். பைலு, பேனா, காலுல பூட்ஸு. தங்கச்சாமி வீடு எது, எத்தன வருசமா இருக்காரு, ஆளு எப்படின்னு துருவித் துருவிக் கேக்கான். நான் விடுவனா? அப்படி யாரும் இங்கன இல்லன்னுட்டேன். தெருவுல ஒருத்தர் வாயத் தெறக்கலயே. மூஞ்சி செத்துப்போயி திரும்பிப் போயிட்டான்."

அவள் பெருமையாகச் சிரித்தாள். தங்கச்சாமி அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் நெஞ்சுக்குள் ஒரு விஷயம் கிடந்தது. தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே பேச மாட்டார்கள். போன வருசம் சீசனில் அவசரம் என்று ஒருத்தர் கெஞ்சிக் கேட்டதால், சாக்குகளில் கட்டின பண்டல்களைப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். வெறுங்குழாய் என்றுதான் சொன்னார்கள். இறக்கும்போது ஒரு சாக்கு பிரிந்து உள்ளே பார்த்தார். திரி. பட்டாசுத் திரி. அது லைசென்ஸ் இல்லாமல் வெடி செய்கிற வீடு. வாயை மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டார். மறுநாள் அந்த வீடு போய்விட்டது. உள்ளே இருந்த இரண்டு பெண்கள் கருகிப்போனார்கள். இவரை யாரும் விசாரிக்கவில்லை, இவரும் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று பகலில் சமாதானம் சொல்லிக்கொள்வார். ஆனால் போலீஸ் ஜீப்பைக் கண்டால் சந்துக்குள் வண்டியை விட்டுவிடுவார்.

இப்போது ஒருத்தன் பைலோடு தேடி வந்திருக்கிறான். ஆளு எப்படி என்று வேறு கேட்டிருக்கிறான்.

வேன் வருகிற வரைக்கும் அவருக்குப் பொறுமையில்லை. ஒரு சட்டையைப் பையில் திணித்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகளைப் பார்த்துக்கொள்ளும்படி பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு, செல்போனை அணைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சாத்தூரில் இறங்கி இருக்கன்குடிக்கு அடுத்த பஸ். ஆடிக் கடைசி வெள்ளி வருகிற வாரம். மாரியம்மன் கோயிலுக்கு ஜனம் வண்டி வண்டியாக வந்துகொண்டிருந்தது. மொட்டைத் தலைகளும் அக்கினிச்சட்டிகளும் மஞ்சள் சேலைகளுமாக இருந்த கூட்டத்தில் ஒரு ஆளைத் தேடுவது லேசில்லை என்று அவர் கணக்குப் போட்டார்.

ஆற்று மணலில் குடும்பம் குடும்பமாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே, பொங்கலும் இல்லாமல் குடும்பமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். யாரோ இலையில் சோறு வைத்துக் கொடுத்தார்கள். இலையை அப்படியே மடித்து வைத்துவிட்டார். காக்கிச் சட்டையைக் கண்டால் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த போலீஸ்காரர்கள் அவர்கள், வெயிலில் வெந்துகொண்டு நின்றார்கள். இவரை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆத்தா, என்னைய விட்டுரு, இல்ல எடுத்துக்கோ, இப்படி நடுவுல தொங்கவிடாத என்று வேண்டிக்கொண்டார். கண்ணை மூடினால் அந்தச் சாக்கு பிரிந்து திரி தெரிந்தது. திறந்தால் வீரலட்சுமியின் வெள்ளிக் கை தெரிந்தது. தான் உள்ளே போய்விட்டால் அவள் காலமெல்லாம் அந்த அறையிலேயே உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தபோது, மணலில் படுத்தபடியே அழுதுவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் வீரலட்சுமியிடம் ஒரு வார்த்தை பேசாவிட்டால் செத்துவிடுவோம் போலிருந்தது. பேச்சியம்மாள் வீட்டு போனுக்குப் பண்ணிக் கூப்பிடச் சொல்லலாம் என்று செல்போனை உயிர்ப்பித்தார். உயிர் வந்த கையோடு மணி அடித்தது. அனுப்பிரியா.

"தங்கச்சாமி சார், நேத்துல இருந்து உங்களுக்கு அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டேன். என்ன சார் நீங்க? தப்பான அட்ரஸ் குடுத்திருக்கீங்க?"

"அட்ரஸா?"

"எங்க ஏஜென்சி ஆளு செவ்வாய்க்கிழமை உங்க தெருவுக்குப் போயிருக்காரு. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்கன்னு. இன்னைக்குள்ள சரி பண்ணலைன்னா பைலை மூடிடுவாங்க சார். என் கையில ஒண்ணும் இல்ல."

தங்கச்சாமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தேடி வந்தது போலீஸ் இல்லை. தான் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் ஆள் வடிவில் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. தானே சொல்லிக்கொடுத்த பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறது. நெற்றியில் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று விலகி நின்றார்கள்.

ஏஜென்சி ஆளின் பெயர் ஜாபர் சாதிக். சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வேலைக்குச் சேருகிறவர்களின் வீடு வாசலை விசாரித்து எழுதுவது அவருக்கு உபதொழில். அவரும் ஏஜென்சியின் சம்பளக்காரர் இல்லை, ஒரு விசாரணைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம்தான். மத்தியானம் தாண்டி தங்கச்சாமி வியர்வையும் மணலுமாகக் கடைக்குள் நுழைந்து, "சார், நான்தான் அந்த இல்லாத ஆளு" என்றபோது அவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்க மொகம் போட்டோவுல இருக்கு, ரேஷன் கார்டுல இருக்கு. எனக்குத் தெரியுது. ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு சொல்லிக் கையெழுத்துப் போடணும். ராஜபாளையத்துல ஒருத்தர் டீக்கடையில ஒக்காந்தே ரிப்போர்ட் எழுதிப் புடிபட்டுட்டாரு. அன்னையோட அவரு சோலி முடிஞ்சுது. பொய் எழுத எனக்குப் பயமா இருக்கு."

"பொய் எழுத வேண்டாம் சார். இன்னொருக்கா வாங்க. நானும் கூட வாரேன். என்னையப் பாத்துட்டு இல்லன்னு சொல்லுவாகளா?"

ஜாபர் சாதிக் சற்று யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். கேட்க வேண்டியதை அவர்தான் கேட்பார். தங்கச்சாமி யாருக்கும் பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

இரண்டு பேருமாக பைக்கில் தெருவுக்குள் நுழைந்ததும் "பா பா பா" என்று குரல் கேட்டது. இதை யோசிக்காமல் விட்டுவிட்டோமே என்று தங்கச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. போலீஸ்காரர்கள் ஒருத்தனைப் பிடித்தால் வீட்டை அடையாளம் காட்ட அவனையே கூட்டி வருவார்கள். இந்தப் பக்கத்தில் அது எல்லாரும் பார்த்த சங்கதி. தாடியும் அழுக்குச் சட்டையுமாக, இரண்டு நாள் காணாமல் போன ஆள், பைல்காரன் பின்னால் உட்கார்ந்து வருகிறார். தெரு என்ன நினைக்கும்?

பேச்சியம்மாள் வாசலில் நின்றாள். ஜாபர் சாதிக் பணிவாகக் கேட்டார். "அம்மா, இவரு யாருன்னு தெரியுமா? இந்தத் தெருவுலதான இருக்காரு?"

அவள் தங்கச்சாமியை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். "யாரோ அசலூரு ஆளு மாதிரி இருக்கு. நான் இவரப் பாத்ததே இல்லய்யா."

"அக்கா, சொல்லுங்கக்கா. நல்லதுக்குத்தான் கேக்காரு" என்று நிபந்தனையை மறந்து தங்கச்சாமி வாயை விட்டார்.

"பாத்தீகளா, பாவம், யாரையோ அக்காங்காரு. புத்தி சரியில்லாத ஆளு போல." அவள் கண் கலங்கியிருந்தது. அடித்துச் சொல்ல வைக்கிறார்கள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் கதவையே திறக்கவில்லை.

கடைசியாக அவருடைய வீட்டு வாசல். மாரிச்செல்வி நின்றிருந்தாள். பசை காய்ந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள். ஜாபர் சாதிக் குனிந்து கேட்டார். "பாப்பா, இவரு ஒனக்கு யாரு?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தாள். அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்தச் சின்ன முகத்தில் அப்படியே இருந்தது. மிட்டாய் கொடுத்தாலும், மிரட்டினாலும், அப்பாவையே காட்டினாலும்.

"தெரியாது" என்றாள். "அப்படி யாரும் இங்கன இல்ல."

நாம் செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் என்று தங்கச்சாமிக்குத் தோன்றியது. வீடு இருக்கும், தெரு இருக்கும், பிள்ளை வாசலில் நிற்கும், நாம் மட்டும் இருக்க மாட்டோம். ஜாபர் சாதிக் பைலை மூடி, "வாங்கண்ணே, நான் என்ன செய்ய" என்று பைக்கை உதைத்தார். தங்கச்சாமி பொம்மை மாதிரி ஏறிப் பின்னால் உட்கார்ந்தார்.

பைக் நாலு வீடு தாண்டியிருக்காது.

"அப்பா" என்று ஒரு அலறல். மாரிச்செல்வி ஓடி வந்தாள். செருப்பில்லாமல் ஓடி வந்து அவர் சட்டையை எட்டிப் பிடித்தாள். "எங்கப்பாவக் கொண்டு போகாதீக. எங்கப்பா இங்கனதான் இருக்காரு. நான் பொய் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். அடைத்திருந்த கதவெல்லாம் திறந்தது. தெரு முழுக்க வந்து பைக்கைச் சூழ்ந்துகொண்டது. பேச்சியம்மாள் ஹேண்டில்பாரையே பிடித்துவிட்டாள்.

"சார், அவரு இங்கனதான் இருக்காரு. பத்து வருசத்துக்கு மேல எதிர்வீடு. எம் பேரு பேச்சியம்மா, எழுதிக்கோங்க. நான் ஜாமீன் நிக்கேன். எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க."

நானும் நிற்கிறேன், நானும் நிற்கிறேன் என்று ஆளாளுக்குப் பெயரையும் கதவு எண்ணையும் ஒப்பித்தார்கள். ஜாபர் சாதிக்குக்குத் தலை சுற்றியது. ரெண்டு கையெழுத்துக்கு வந்தவர் முன்னால் இருபது கைகள் நீண்டன. தங்கச்சாமிக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சு நிலைகொள்வதற்குள் பேச்சியம்மாள் அடுத்ததைச் சொன்னாள்.

"அந்த வீட்டுக்குத் திரி கொண்டுபோனது வாஸ்தவம் சார். ஆனா என்ன சரக்குன்னு அவருகிட்ட யாரும் சொல்லல. அதுக்காக இவரப் புடிச்சா எப்படி?"

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே புரிந்து, முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஜாபர் சாதிக் பேனாவை எடுத்தபடி அப்படியே நின்றார். அவர் முகத்திலும் பயம் தெரிந்தது.

தங்கச்சாமி பைக்கிலிருந்து இறங்கினார். வாழ்நாளெல்லாம் ஓடின மனுசன். இப்போது மகள் சட்டையைப் பிடித்திருந்ததால் ஓடவும் முடியவில்லை. அங்கேயே நின்று சொன்னார்.

"ஆமா சார். நான்தான் கொண்டுபோனேன். எறக்கும்போதுதான் பாத்தேன். பாத்ததும் அங்கன இருந்த பொம்பளைகளக் கெளம்புங்கன்னு சொல்லியிருக்கணும். பயத்துல வண்டியத் திருப்பிட்டேன். போலீசு என்னையக் கேக்கல. நானும் போயிச் சொல்லல. நீங்க எழுதணும்னா எழுதிக்கோங்க."

ஜாபர் சாதிக் காகிதத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். "இதுல கேட்டிருக்கிறது, ஒங்க மேல போலீஸ் கேசு இருக்கான்னு. இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப இல்லன்னுதான் எழுதணும்" என்று எழுதினார். பிறகு பேனாவை மூடாமல், தாழ்ந்த குரலில் சொன்னார். "அண்ணே, அந்த ரெண்டு பேரு வீட்டுக்கு நீங்க ஒரு நாள் போகணும். அது இந்தக் காகிதத்துல இல்ல. நான் சொல்லுதேன்."

தங்கச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். போனாரா என்று கேட்பீர்கள். போனார். மூன்று தடவை பாதி வழியில் திரும்பி வந்துவிட்டு, நாலாவது தடவை போனார். ரிப்போர்ட் அன்றைக்கே போய்ச் சேர்ந்ததும், ஒப்பந்தம் கைக்கு வந்ததும், வீரலட்சுமி அந்த அறையை விட்டு நின்றதும் பின்னால் நடந்தவை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததில் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது.

கையெழுத்தெல்லாம் முடிந்து ஜாபர் சாதிக் கிளம்புகிற நேரத்தில் கம்பெனி வேன் வந்து நின்றது. வீரலட்சுமி இறங்கினாள். வெள்ளிக் கையில் தூக்குவாளி. இரண்டு நாளாகப் புருசன் எங்கே என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் முடியாமல், மருந்து அடைத்துவிட்டு வந்தவள். தெருவில் கூட்டம், நடுவில் பைலோடு ஒருத்தன், அவன் பக்கத்தில் கண் வீங்கின புருசன். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

அவள் நேராக நடந்து வந்தாள். தங்கச்சாமி பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. ஜாபர் சாதிக்குக்கு விளையாட்டுத் தோன்றிவிட்டது. "ஏம்மா, இவரு யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதே" என்றாள் வீரலட்சுமி, முகம் ஒரு துளியும் மாறாமல். "வழி தப்பி வந்திருப்பாரு. விட்டுருங்க."

தெரு கொல்லென்று சிரித்தது. தங்கச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையில் தூக்குவாளியின் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். தன் ஒருத்தருக்குத்தான் பயம் என்று இத்தனை வருசமாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"லட்சுமி, இனிமே நீ அங்கன போக வேண்டாம்" என்றார். குரல் உடைந்திருந்தது.

அவள் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. பைலையே பார்த்துக்கொண்டு, "நீங்க யாரு, என்னையச் சொல்ல?" என்றாள்.

மாரிச்செல்விதான் ஓடிப்போய் அம்மாவின் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கினாள். "சொல்லலாம்மா" என்றாள். "இந்தப் பைல் மாமாகிட்ட இவரு அப்பான்னு சொல்லலாமாம்."